கையில் அடங்கும் அகராதி: ஒற்றியூர்ச் சாலையில் சில ஜெர்மானியச் சுவடுகள்



சென்ற மாதம் எங்கள் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகை திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகில், எங்களுள் மூத்தவரான தமிழாசிரியர் ஐயாவின் வீட்டில் நடந்தது. பேசத் திட்டமிட்டிருந்தது தியாகராசர் கோயிலின் வியாகரண மண்டபக் கல்வெட்டுகளைப் பற்றி. பேசியதோ ஜெர்மன் அகராதியைப் பற்றி! காரணம் ஐயாவின் பேத்தி. செவிலியர் படிப்பை முடித்துவிட்டு ஜெர்மனியில் பணிக்குச் செல்லும் எண்ணத்தோடு மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறார். வகுப்பில் கைப்பேசியைத் தொடக்கூடாதாம். காப்பித் தம்ளர்களை வைத்துவிட்டுப் போனவர் வாசற்படியிலேயே நின்று, "தாத்தா, ரயில்ல நின்னுக்கிட்டே புரட்டற மாதிரி சின்னதா ஒரு ஜெர்மன்-இங்கிலீஷ் டிக்ஷனரி வேணும். எதை வாங்கறது?" என்று கேட்டார். அன்றைய கல்வெட்டு அந்தக் கேள்வியோடு முடிந்துபோயிற்று.

எங்களுள் ஒருவர் ஜெர்மன் கற்றவர். கும்மிடிப்பூண்டி வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புரட்டத்தக்க அகராதி எப்படி இருக்க வேண்டும் என்று அவர் விளக்கத் தொடங்கினார். சிறிது என்பதற்காக எதையும் வாங்கிவிடலாகாது. ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. அது பொருளைப் பார்த்து வருவதன்று. சாப்பாட்டு மேசையில் கிடக்கும் கரண்டி ஆண்பால், அதனருகில் கிடக்கும் முள்கரண்டி பெண்பால், கத்தியோ இரண்டுமற்ற பால். சிறுமி என்னும் சொல்லே பெண்பால் அன்று என்றால் மற்றவற்றைச் சொல்லவும் வேண்டுமோ? ஆகவே சொல்லுக்கு அருகில் டேர், டீ, டஸ் என்னும் மூன்றில் எது வரும் என்று காட்டாத அகராதி, எத்தனை ஆயிரம் சொற்களை வைத்திருந்தாலும் பயன்படாது. பன்மை வடிவமும் வேண்டும். அதுவும் சொல்லுக்குச் சொல் மாறுவது. வினைச்சொல்லின் இறந்தகால வடிவம் சட்டென்று கண்ணில் பட வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமாக அவர் சொன்னது பழைய புத்தகக் கடையைப் பற்றிய எச்சரிக்கை. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகும் அதன் வாரிசுக் கடைகளில் பழைய ஜெர்மன் அகராதிகள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்டவை பல, கொம்பும் கொக்கியுமான ஃப்ராக்டூர் எழுத்தில் அச்சானவை. அவ்வெழுத்தை 1941-ல் ஹிட்லரின் அரசே கைவிட்டுவிட்டது. இன்றைய மாணவர் எழுத்துக்கூட்டியே களைத்துப்போவார். அண்மைக்காலப் பதிப்புகளிலும் கண்ணி உண்டு. 1996-ல் அறிவிக்கப்பட்டு 1998-ல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தமும், அதன்மேல் 2006-ல் நடந்த திருத்தமும், எஸ்-செட் எனப்படும் எழுத்து வரும் இடங்களைப் பெரிதும் மாற்றிவிட்டன. பழைய அகராதியைப் பார்த்து எழுதினால் தேர்வில் பிழையாகும். செவிலியர் என்பதற்கே பழைய அகராதியில் கிராங்கன்ஷ்வெஸ்டர் என்றிருக்கும்; நோயாளிகளின் சகோதரி என்று பொருள். 2020 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அப்பணிக்குத் தகுதிபெறும் பெண்ணுக்கான பட்டப்பெயர் ஃப்ளேகெஃபாக்ஃப்ராவ். பேச்சில் இன்னும் பழைய சொல் வாழ்கிறதென்றாலும், வேலைக்குப் போகிறவர் தம் பதவியின் பெயரை இருபதாண்டுக்கு முந்தைய புத்தகத்தில் தேடக்கூடாதல்லவா?

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த ஐயா உள்ளே போய், அலமாரியிலிருந்து அட்டை தேய்ந்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து பேத்தியின் கையில் வைத்தார். "நீ அங்கே போறதுக்குப் புத்தகம் தேடறே. அங்கேருந்து இங்கே வந்தவன் என்ன தேடினான்னு பாரு" என்றார். அது தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதி. 1972-ல் வந்த நான்காம் பதிப்பு. முகப்பில் ஃபபிரீசியஸ் என்னும் ஜெர்மானியரின் பெயர். இக்கட்டுரை அந்தப் புத்தகத்திலிருந்துதான் கிளைத்தது.

நம் கடற்கரைக்கு வந்த ஐரோப்பியருக்குத் தமிழ் அகராதி என்பது நெடுங்காலம் ஓலையும் கையெழுத்துமாகவே இருந்தது. அச்சில் வந்தவற்றுள் முந்தையது, அந்தாம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கீசிய சேசு சபைத் துறவியின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி. கேரளத்து அம்பலக்காட்டில் 1679-ல், ஆசிரியர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் தங்கியிருந்த படியைத் தனிநாயக அடிகள் 1954-ல் கண்டெடுத்திராவிட்டால் அப்படியொரு நூல் இருந்ததை இன்று பலரும் அறிந்திருக்கமாட்டோம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். அது தமிழுக்குத் தமிழ். நிகண்டு மனப்பாடம் செய்யாதவரும் அகரவரிசையில் சொல்லைத் தேடலாம் என்னும் பெரிய வசதியைத் தந்த நூல். ஆனால் தமிழே தெரியாமல் கப்பலிலிருந்து இறங்குபவருக்கு அது எப்படி உதவும்?

அப்படி இறங்கியவர்களில் 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தலையாயவர். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியர். சிறுவர்களோடு மணலில் அமர்ந்து எழுத்துப் பழகினார் என்பது எல்லோரும் அறிந்த கதை. அதைவிட எங்களுக்கு வியப்பளிப்பது, அவர் படித்த தமிழ்ச் சுவடிகளுக்கெல்லாம் 1708-லேயே குறிப்புரையுடன் ஒரு பட்டியல் எழுதியதும், படிக்கப் படிக்கச் சொற்களைத் தொகுத்துக்கொண்டே போனதும்தான். பேச்சுத்தமிழுக்கு ஒன்று, செய்யுட்சொற்களுக்கு ஒன்று என இரண்டு தொகுப்புகள். அவருடைய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலே நகரில் இலத்தீனில் அச்சாயிற்று. அகராதிகள் அச்சேறவில்லை. பின்வந்த மிஷனரிகள் அவற்றைப் படியெடுத்தும் கூட்டியும் பயன்படுத்தினார்கள். முன்னோர் சேர்த்த சொற்செல்வம் இப்படிக் கைமாறிக் கைமாறி வந்தது என்பதை மறந்துவிட்டு ஃபபிரீசியஸைத் தனியொரு மேதையாகக் காட்டுவது சரியன்று.

யோஹான் ஃபிலிப் ஃபபிரீசியஸ் 1711-ல் இன்றைய ஹெஸ்ஸன் மாநிலத்துக் கிளேபெர்க் என்னும் ஊரில் பிறந்தவர். சட்டம் பயின்று, பிறகு ஹாலேயில் இறையியல் பயின்று, 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். இரண்டாண்டில் சென்னைக்கு மாற்றப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், சாகும்வரை, இந்தப் பக்கத்து மனிதராகவே வாழ்ந்துவிட்டார்.

இந்த மனிதரின் வாழ்வில் திருவொற்றியூர் எங்கே வருகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயம்தான். அவர் இவ்வூரில் வாழ்ந்தார் என்றோ, தங்கினார் என்றோ நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது மிஷன் நிலைகுலைந்தது. ஃபபிரீசியஸ் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். சென்னை 1749-ல் ஆங்கிலேயரிடம் திரும்பிய பிறகே அவரும் திரும்பினார். பத்தாண்டுக்குள் மறுபடியும் அதே கதை. 1758 டிசம்பரில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டது, வேப்பேரி சூறையாடப்பட்டது, மீண்டும் பழவேற்காடு. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குக் கடலோரமாக வடக்கே போனால் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், பிறகு கழிமுகமும் உப்பங்கழியும். இன்று சரக்குப் பெட்டக லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் எங்கள் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இந்த மணற்கீற்றுத்தான் வடக்கே ஓடுபவர்களுக்கு இயல்பான வழி. படகேறிப் போயிருந்தாலும் ஒற்றியூர்க் கோபுரம் இடப்பக்கம் தெரிந்திருக்கும்.

எங்கள் கூடுகையில் வெகுநேரம் பேசப்பட்டது இதைத்தான். நகரம் எரியும்போது ஓடுகிற மனிதன் எதை எடுத்துக்கொண்டு ஓடுவான்? எடுத்துச் செல்லத்தக்க அகராதி என்பதை நாம் ரயில் பயணத்துக்கான வசதியாக நினைக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், இச்சாலையில், அது வேறு பொருள் கொண்டிருந்தது. கையெழுத்துப் படி ஒன்றே ஒன்று. அல்லது மிஞ்சினால் இரண்டு. மூட்டையில் அடங்கினால் பிழைத்தது. ஓலைச்சுவடியோ, கரையானும் ஈரமும் போதாதென்று, சுமையும் மிகுந்தது. ஃபபிரீசியஸ் தம் மூட்டையில் எதை வைத்திருந்தார் என்று ஊகிக்க எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் அந்த இரண்டு ஓட்டங்களுக்குப் பிறகும் அவருடைய சொற்சேகரம் அழியாமல் இருந்தது என்பதற்கு 1779-ல் அச்சான நூலே சான்று.

அச்சுப்பொறி வந்ததும் போரினால்தான்! 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது அங்கிருந்த அச்சுக்கூடமும் கொள்ளைப்பொருளோடு சென்னைக்கு வந்து சேர்ந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் கோட்டையில் இல்லை. வேப்பேரி மிஷனிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனியின் அச்சு வேலைகளையும் செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை. தம்மை இருமுறை வடக்கே விரட்டிய பகைவரின் அச்சுப்பொறியிலேயே ஃபபிரீசியஸ் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டார். வரலாறு சில சமயம் இப்படிக் கணக்கு நேர் செய்கிறது.

அகராதி வெளிவந்த ஆண்டு 1779. ஏறத்தாழ 9,000 தலைச்சொற்கள். இருநூறு பக்கத்துக்குள் அடங்கிய நூல். உடன் உழைத்தவர் பிரைட்ஹவுப்ட் என்னும் மற்றொரு ஜெர்மானியர். இதன் முகப்பு வேடிக்கையானது. தமிழுக்கு அங்கே பெயர் மலபார் மொழி. தொகுத்தவர் யார் என்றால், சென்னையிலுள்ள ஆங்கில மிஷனரிகள் என்று போட்டிருக்கிறது. இருவரும் ஜெர்மானியர், ஆங்கிலம் அவர்களுக்குக் கற்ற மொழி. பணம் கொடுத்தது லண்டனிலிருந்த சங்கமாகையால் அவர்கள் ஆங்கில மிஷனரிகள் ஆனார்கள். தாய்மொழியில் சிந்தித்து, அயல்மொழியில் பொருள் எழுதி, வேறோர் அயல்மொழிக்கு அகராதி செய்திருக்கிறார்கள். 1786-ல் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கான பகுதியும் வந்தது.

இதிலே எங்களுக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஃபபிரீசியஸின் பெயராவது பிற்காலப் பதிப்புகளில் முகப்பேறிவிட்டது. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, இது சந்தையில் இப்படிப் பேசுவது, இது செய்யுளில் வருவது, இதைப் பெரியவர் முன் சொல்லலாகாது என்று பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுத்த தமிழர்கள் இல்லாமல் எந்த ஐரோப்பியராலும் இப்படி ஒரு நூலைச் செய்திருக்க முடியாது. அவர்களுக்கு அந்த முகப்பில் இடமில்லை.

நூலின் சிறுமையைக் குறையாகவும் கொள்ளலாம், அருமையாகவும் கொள்ளலாம். எங்கள் ஐயா இரண்டாம் கட்சி. அவர் காட்டியது 1972 பதிப்பை. 1779-ன் நூலுக்கும் இதற்கும் நடுவில் தரங்கம்பாடியில் 1897, 1910, 1933 எனப் பதிப்புகள் திருத்தியும் விரித்தும் வெளிவந்துள்ளன. ஆனாலும் அடிப்படை அமைப்பில் சிக்கனம் தெரிகிறது. கிளைச்சொற்களும் தொடர்களும் தனித்தனியே நிற்பதில்லை. தாய்ச்சொல்லின்கீழ் ஒடுங்கிக் கிடக்கின்றன. வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு ரோம எண். அவ்வளவுதான். அறி என்பதற்கு இரண்டு, அடி என்பதற்கு ஆறு. இரண்டுமே இகரத்தில் முடிபவை. ஆனால் முன்னது அறிந்தான், பின்னது அடித்தான். நமக்குத் தாய்ப்பாலோடு வந்துவிடுகிற இந்த வேறுபாடு அயலாருக்குப் பெரும் புதிர். ஏழே வகைகளில் தமிழ் வினைகளை அடக்கிக் காட்டிய வகைப்பாடு கார்ல் கிரவுல் என்னும் ஜெர்மானியருடையது. திருக்குறளை ஜெர்மனிலும் இலத்தீனிலும் பெயர்த்த அதே கிரவுல். மூன்று வடிவங்களை நீட்டி எழுத வேண்டிய இடத்தில் ஒற்றை எண். பல்லாயிரம் வினைகளுக்கு இப்படி மிச்சம் பிடித்தால் புத்தகம் எவ்வளவு மெலியும் என்று எண்ணிப் பாருங்கள்! ஜெர்மன் கையகராதியில் வினையின் ஓரத்தில் சின்னஞ்சிறு குறியிட்டு, வடிவங்களைப் பின்னிணைப்புக்குத் தள்ளுவதும் இதே உத்திதான். பேத்திக்கு இது உடனே புரிந்துவிட்டது. எங்களில் சிலருக்குத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

பின்வந்த அகராதிகள் பெருத்துக்கொண்டே போயின. ஸ்ட்ராஸ்பூர்கில் பிறந்த ரோட்லர், செடிகொடிகளை ஆராய்ந்தவர். ஒரு மர இனத்துக்கே ரோட்லெரா என்று அவர் பெயரை வைத்திருந்தார்கள். அவர் தொகுத்த அகராதி 1834 முதல் வேப்பேரியில் பகுதி பகுதியாக வந்தது. 1836-ல் அவர் இறந்துபோக, வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் 1841-ல் முடித்துவைத்தார்கள். இங்கே ஒரு தமிழர் பெயர் வெளியே வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். 1862-ல் அமெரிக்க மிஷனரி வின்ஸ்லோவின் அகராதி. யாழ்ப்பாணத்தில் தொடங்கிச் சென்னையில் முடிந்த உழைப்பு. 67,000-க்கு மேற்பட்ட சொற்கள். ஏறத்தாழ ஆயிரம் பெரும்பக்கங்கள். தூக்க இரண்டு கையும் வேண்டும். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகள், 1,04,405 சொற்கள். 1939-ல் வந்த அனுபந்தத்தில் மேலும் 13,357. வையாபுரிப்பிள்ளையின் பெயரோடு தமிழுலகம் நினைவில் வைத்திருக்கும் பெருஞ்செயல். அதற்கு அலமாரி வேண்டும், பயணத்துக்கு ஆகாது. பக்கத்து மொழிகளிலும் இப்படித்தான். மலையாளத்துக்கு 1872-ல் குண்டர்ட், கன்னடத்துக்கு 1894-ல் கிட்டல். இருவரும் ஜெர்மானியர், இருவர் அகராதியும் ஆங்கிலப் பொருளுடையவை. குண்டர்ட்டின் பேரன்தான் சித்தார்த்தா எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸே. அந்நாவலைத் திருலோக சீதாராம் மொழிபெயர்ப்பில் தமிழர் படித்துவருகிறோம்.

அந்த ஞாயிறன்று ஐயா எங்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தார். வீட்டிலிருந்த அகராதிகளில் ஒற்றி என்னும் சொல்லைத் தேடச் சொன்னார். நாம் வாழும் ஊரின் பெயராயிற்றே! பிரளய வெள்ளத்தை ஒற்றி ஒதுக்கிய தலம் என்பது புராணம். ஆனால் ஒற்றி என்றால் அடைமானமும்தான். கடன் தீரும்வரை கடன் கொடுத்தவர் நிலத்தை அனுபவித்துக்கொள்வது. பேச்சில் ஒத்தி என்போம். இவ்வூர் வீட்டுத் தரகர்கள் அச்சொல்லை நாள்தோறும் சொல்கிறார்கள். ஊர்ப்பெயரின் இந்த இரட்டைப் பொருளை விடாமல் பிடித்துக்கொண்டு விளையாடிய புலவர்கள் பலர். வள்ளலாரின் இங்கித மாலை ஒற்றியூர்ப் பெருமானை வைத்துச் சிலேடையிலேயே நடப்பது. இறைவனே ஊரை அடகு வைத்துவிட்டான் என்று கேலி செய்ய எங்கள் ஊரைவிட்டால் வேறெங்கே வாய்ப்பு?

சிலேடையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஐயா ஃபபிரீசியஸின் முடிவைச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. நேர்மையானவர், எளியவர், தமக்கென்று எதையும் சேர்க்காதவர் என்று பெயரெடுத்த அந்தப் பாதிரியார் பணவிஷயத்தில் உலகமறியாதவராக இருந்திருக்கிறார். தம்மை நம்பிப் பலர் ஒப்படைத்த பணத்தையும் மிஷனின் பணத்தையும் வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. கொடுத்தவர்கள் இவரைப் பிடித்தார்கள். அகராதியும், பல தலைமுறைகளுக்கு லுத்தரன் சபையார் போற்றிய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பும் செய்த முதியவர் கடனாளிச் சிறையில் கிடந்தார். 1788-ல் மிஷன் பொறுப்பு கெரிக்கே என்பவரிடம் போயிற்று. 1791 ஜனவரியில், எண்பது வயது முடிந்த மறுநாள், ஃபபிரீசியஸ் சென்னையிலேயே இறந்தார். கடன், வட்டி, அடைமானம், பிணை என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலப் பொருள் தேடி எழுதியவர் அவர். அச்சொற்கள் தம்மை என்ன செய்யும் என்று அப்போது அறிந்திருக்க மாட்டார்.

சிறிய அகராதி என்றால் எதையோ விட்டாக வேண்டும். எதை விடுவது? இதைப் பற்றி எங்களுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. எங்கள் குழுவில் எண்ணூர்க் குப்பத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். எந்த அகராதியைக் கொடுத்தாலும் கடற்கரைச் சொற்களைத் தேடுவது அவர் வழக்கம். வாடை, கொண்டல் போன்ற காற்றுப் பெயர்கள் இலக்கியத்தில் இடம்பெற்ற புண்ணியத்தால் பிழைத்துக்கொண்டன. வலைக்கும் நீரோட்டத்துக்கும் மீன்பாட்டுக்கும் குப்பத்தில் வழங்கும் சொற்கள் அந்த அதிர்ஷ்டம் இல்லாதவை. "சின்ன புக்குல இடம் இல்லேன்னு சொல்றீங்க, சரி. பெரிய புக்குல மட்டும் எங்களுக்கு எங்க இடம் இருக்கு?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் வந்தபின் கழிமுகத்தில் சில வகை மீன்பிடியே அருகிவிட்டது; தொழில் போனால் சொல் போகும்.

ஆனால் அயல்மொழிக் கையகராதிகள் நம்மிடமிருந்து எடுத்துச் சென்ற சொற்களில் ஒன்று அவருடையது. கட்டுமரம்! 1697-ல் அச்சான டாம்பியரின் பயண நூலிலேயே அது ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. இன்று ஜெர்மன் மொழியிலும் கட்டமரான் உண்டு. இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு என்று பொருள் மாறியிருக்கிறது. இன்னொரு சொல்லும் போயிருக்கிறது. அதைச் சொல்லக் கை கூசுகிறது. பறையர் என்னும் சாதிப்பெயர் ஐரோப்பாவுக்குப் போய்ப் பரியா ஆயிற்று. விலக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் என்பதற்கு அங்கே பொதுச்சொல்லாயிற்று. அத்தலைப்பில் கெதே கவிதை எழுதினார். மாக்ஸ் வெபர் அதைச் சமூகவியல் கலைச்சொல்லாக்கினார். பறை கொட்டிய மக்களின் பெயர் எப்படி வசைச்சொல் ஆயிற்று என்ற கதையைச் சொல்ல நாலு வரி வேண்டும். கையகராதியில் அந்த நாலு வரிக்கு இடமிருக்காது. வசைக்கு மட்டும் இடமிருக்கும். எடுத்துச் செல்ல எளிதான புத்தகத்தை வாங்கும்போது இந்த விலையையும் சேர்த்தே கொடுக்கிறோம் என்று நாங்கள் பேத்தியிடம் சொன்னோம். அவர் அந்தப் பக்கத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

திரும்பி வந்ததும் ஒன்றுண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சென்னைமேல் வீசிற்று. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்று சிலர் எழுதுவதற்கு ஆதாரமில்லை. கப்பல் வந்து போனது அரை மணி நேரம். சொல் நூறாண்டு தாண்டி நிற்கிறது. வடசென்னைப் பாட்டிமார் கெட்டிக்காரப் பயல்களை இன்றும் எம்டன் என்கிறார்கள். ஜெர்மனியின் வடமேற்கு மூலையிலுள்ள ஒரு சிறு துறைமுக நகரின் பெயர் அது. அந்நகரத்தார் எவருக்கேனும் இச்செய்தி தெரியுமோ என்னவோ!

பேத்தி என்ன வாங்கினார் என்று கேட்பீர்கள். 2006-க்குப் பிந்தைய எழுத்து முறைப்படி அச்சானதா என்று முதல் பக்கத்தில் பார்த்து, பால் குறியும் பன்மையும் இருக்கின்றனவா என்று நாலைந்து சொற்களில் சோதித்து, சாப்பாட்டுப் பையின் வெளியறையில் நுழைகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்து ஒன்றை வாங்கியிருக்கிறார். ஐயாவின் ஃபபிரீசியஸையும் கேட்டிருக்கிறார். ஜெர்மனிக்குப் புறப்படும்போது தருவதாக ஐயா சொல்லியிருக்கிறார். அதுவரை தமக்கு வேண்டுமாம்.

போன செவ்வாயன்று காலை விம்கோ நகர் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து தாத்தாவுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "தாத்தா, கட்டுமரம் இங்கே ஆண்பாலாம்." ஐயா அதை எண்ணூர் நண்பருக்கு அனுப்பிவைத்தார். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, கடலுக்குப் போயிருக்கிறார்.

வியாகரண மண்டபக் கல்வெட்டுகள் அடுத்த கூடுகைக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளன. பாணினியின் இலக்கணத்தைக் கற்பிக்கச் சோழர் காலத்தில் நிலம் விடப்பட்ட மண்டபம் அது. மூன்றாம் குலோத்துங்கன் காலச் சாசனத்திலிருந்து தொடங்குவோம். வர விரும்பும் அன்பர்கள் தேரடியில் ஐந்து மணிக்கு நிற்கலாம்.